கோலாலம்பூருக்கு ஆறரை மணி நேரம்

சென்னையிலிருந்து கோலாலம்பூர் எவ்வளவு தூரம் என்று உலகத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால், அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு என்னுடையது. நான் விமானி இல்லை. விமானத்தில் ஏறியதும் இல்லை. பாஸ்போர்ட் எடுக்கலாமே என்று ஒருமுறை போட்டோ எடுத்துக்கொண்டேன். போட்டோவைப் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். விமான டிக்கெட் விற்கும் இணையதளம் ஒன்றுக்குத் தமிழில் பக்கங்கள் எழுதுவது என் வேலை. 'சென்னை – பாங்காக்: தூரம், பயண நேரம்.' 'கொழும்பு – டோக்கியோ: தூரம், பயண நேரம்.' ஆசியாவில் ஏதாவது இரண்டு ஊரைச் சொல்லுங்கள், நடுவில் நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் 'எங்கள் பயண வல்லுநர் குழு' என்று போட்டிருக்கும். குழு என்பது நான். தண்ணீர் கேன் போட வருபவரையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பேர்.

வீடு மயிலாப்பூரில், ரோசரி சர்ச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். அங்கிருந்து அலுவலகம் ஆறு கிலோமீட்டர். மெட்ரோவுக்காக லஸ்ஸைத் தோண்டிய பிறகு பஸ்ஸில் ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. சென்னை – கொழும்பு ஒரு மணி இருபது நிமிடம். இன்னும் பத்தே நிமிடம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் வெளிநாடு போய்விடலாம் என்று ஜன்னலோரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே போவேன். கணக்கு என்றால் எனக்கு அப்படி ஒரு பிரியம். அந்தப் பிரியம் ஒருதலைக் காதல் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர் ஆரோக்கியமேரி டீச்சர். கீழே அவர் தனியாக, மேலே நானும் என் மனைவி அன்புக்கரசியும். டீச்சர் சர்ச்சின் பங்குப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன பாடம் என்று நான் கேட்டதில்லை. மூன்று வருஷமாக அவர் என்னை ஏதாவது சொல்லித் திருத்திக்கொண்டே இருந்ததால் எல்லாப் பாடமும் என்று எடுத்துக்கொண்டேன். குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, மாடிப்படியில் செருப்பை எந்தத் திசையில் விடுவது. என் தமிழில் எங்கே ஒற்று மிகும் என்பதுகூட அவர் பாடத்திட்டத்தில் இருந்தது.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு காலை. நான் படியிறங்கும்போது டீச்சர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ரகுபதி, ஒரு நிமிஷம். இந்த கோலாலம்பூர் இருக்கே, அதுக்குப் போக எவ்வளவு நேரம்?"

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு தகவல் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"சுமார் ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் டீச்சர். நானே ஒரு பக்கம் எழுதியிருக்கேன். லிங்க் அனுப்பறேன், படிச்சுப் பாருங்க. போக ஆறரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம்."

டீச்சர் குழாயை மூடினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது அதை மரியாதை என்று நினைத்தேன்.

"போக ஆறரை, வர ஒன்றரையா?"

"ஆமா டீச்சர். எதிர்க்காத்து. வங்கக் கடல்ல காத்து மேற்கால பலமா அடிக்கும். போகும்போது பின்னால தள்ளும், வரும்போது தானா கூட்டிட்டு வந்துரும்."

"ஓ" என்றார் டீச்சர். "எழுத்துலயே போட்டிருக்கீங்களா?"

"தெளிவா போட்டிருக்கேன்."

"அனுப்புங்க."

அனுப்பினேன். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு போனது கூடத் தெரியவில்லை.

விஷயம் என்னவென்று அன்புக்கரசி சொல்லித்தான் தெரியும். அவள் வடபழனிக்காரி. எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதைக் கேட்காமலே தெரிந்துகொள்பவள்.

"டீச்சர் தம்பிக்குக் கல்யாணம், தெரியாதா உனக்கு?"

"கிளிஃபர்டுக்கா? அவருக்கு ஐம்பத்திரண்டு வயசாகுதே!"

"அதுக்கின்னா? மனுசன் இப்பத்தான் ரெடி ஆயிக்கிறாரு."

கிளிஃபர்டுக்கு எட்டு வயதில் தாய் போய்விட்டார். அன்றிலிருந்து அவரை வளர்த்தது டீச்சர்தான். தம்பிக்காகவோ வேறு எதற்காகவோ, டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிளிஃபர்ட் கோலாலம்பூர் போய் இருபத்து நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். ஆனால் ஊருக்கு வந்தது மூன்றே தடவை. அவருக்கு ஒரு பெண் அமைய வேண்டும் என்று டீச்சர் ஒன்பது முதல் வெள்ளி நேர்ந்துகொண்டிருந்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய் நற்கருணை வாங்க வேண்டும், இடைவிடாமல் ஒன்பது மாதம். நடுவில் ஒன்று விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு வெள்ளி முடிந்த நான்காம் நாள் கிளிஃபர்ட் போன் செய்து, பெண் அமைந்துவிட்டதாகச் சொன்னாராம். கல்யாணம் செப்டம்பரில், முதல் வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிப் பூசையில். கோலாலம்பூரில்.

"நேர்ச்சை பலிச்சிருச்சே, அப்புறம் என்ன?"

"டீச்சர் போவலயாம். ஒம்பதாவது வெள்ளிய இங்கதான் முடிக்கணுமாம். முடிச்சிட்டு ராத்திரி ஃப்ளைட்டு ஏறினா கல்யாணத்துக்கு எட்டாதாம். ஆறரை மணி நேரம் ஆவுதாமே?"

"ஆமா, ஆறரை மணி நேரம்தான்."

"உனக்கு யாரு சொன்னா?"

"நான்தான் எழுதினேன்."

அன்புக்கரசி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ எழுதினதா? அப்ப தப்பாத்தான் இருக்கும்."

இதற்குப் பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவளே தொடர்ந்துவிட்டாள்: "எனுக்கு இன்னா தோணுதுன்னா, போவணும்னு இருந்தா அந்தம்மா ஏரோப்ளேன் ரெக்கைல தொங்கிக்கினாவது போவும்."

அந்தப் பேச்சை அப்போதே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் 'தப்பாத்தான் இருக்கும்' என்பதிலேயே சிக்கிக்கொண்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளிஃபர்ட் என்னை அழைத்தார். வாடகைச் சீட்டில் இருந்த எண்ணை எடுத்திருக்கிறார்.

"ரகுபதி சார், ஒரு உதவி. அக்கா வரமாட்டேங்கறாங்க. ஆறரை மணி நேரம்னு அடம் புடிக்கறாங்க. சார், நான் அந்த ரூட்ல எத்தனை தடவை வந்திருக்கேன். நாலு மணி நேரம் சார்! சாப்பாடு குடுத்து தட்டை எடுக்கறதுக்குள்ள இறங்கிருவான்."

"நீங்க அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'கல்யாண ஆசையில நீ குறைச்சுச் சொல்ற, எழுத்துலயே இருக்கு'ன்னு ஒரு லிங்க் அனுப்பினாங்க. படிச்சீங்களா சார் அதை? எதிர்க்காத்தாம்! பயண வல்லுநர் குழுவாம்! அந்தக் குழுவுல ஒருத்தன் என் கையில கிடைச்சா போதும் சார்."

குழு அமைதி காத்தது.

"நீங்க படிச்சவரு" என்றார் கிளிஃபர்ட். "கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. எனக்கு அம்மா அப்பா எல்லாம் அக்காதான். அவங்க இல்லாம நான் எப்படிப் பீடத்துக்கு முன்னாடி நிப்பேன்?" கடைசி வாக்கியத்தில் அவர் குரல் கம்மியது. ஐம்பத்திரண்டு வயது மனிதரின் குரல் கம்மினால் கேட்கிறவனுக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். சென்னையில் கிளம்புவது இரவு 11.50. கோலாலம்பூரில் சேர்வது காலை 6.20. கழித்தால் ஆறரை. திரும்ப, அங்கே கிளம்புவது இரவு 8.40, இங்கே சேர்வது 10.10. கழித்தால் ஒன்றரை. கழித்தல் சரியாகத்தான் இருந்தது. கழிக்கும்போது நான் பார்த்தது இரண்டு வேறு ஊர்களின் கடிகாரம் என்பதுதான் கொஞ்சம் இடித்தது.

என் தரப்பில் ஒரு வாதம் உண்டு. நான் முதன்முதலில் எழுதியது கொழும்புப் பக்கம். கொழும்புக்கும் சென்னைக்கும் ஒரே நேரம். கழித்தேன், சரியாக வந்தது. ஒருமுறை சரியாக வந்த வழியை விடலாமா? மீதி இருநூற்றுப் பதினொன்றையும் அதே வழியில் முடித்தேன். போவதற்கும் வருவதற்கும் நேரம் ஏன் வேறுபடுகிறது என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைத் தீர்க்கத்தான் காற்றைக் கொண்டுவந்தேன். துபாய்ப் பக்கத்தில் பாலைவனக் காற்று. டோக்கியோவுக்குப் பசிபிக் காற்று. மூன்று வருஷமாக ஆசியாவின் காற்றையெல்லாம் பாண்டி பஜாரிலிருந்து நான்தான் அடிக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வர்ஷினியிடம் போய் நின்றேன். அவர்தான் எங்கள் பக்கங்களின் மேலாளர், வயது இருபத்தாறு. பக்கத்தைத் திருத்தும் சாவி அவரிடம்தான்.

"கோலாலம்பூர் பேஜை மாத்தணும்மா. நேரம் தப்பு."

அவர் திரையைப் பார்த்துவிட்டு அலறினார். "ஐயோ சார், தொடாதீங்க! அது தேடல்ல நம்பர் ஒன். மத்த பேஜ்ல ஆளுங்க இருபது செகண்ட் நிக்கறாங்க. இதுல நாலு நிமிஷம் நிக்கறாங்க!"

"குழம்பிப்போய் நிக்கறாங்கம்மா."

"நிக்கறாங்கல்ல?"

இந்த நியாயத்தோடு மோதிப் பயனில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன். கல்யாணம், அக்கா, ஒன்பதாவது வெள்ளி, ஆறரை மணி நேரம்.

"மாப்பிள்ளைக்கு எவ்வளவு வயசு சார்?"

"ஐம்பத்திரண்டு."

வர்ஷினி தலையைச் சாய்த்து ஒரு 'அச்சோ' சொன்னார். ஆறு வினாடியில் சாவி கிடைத்தது. எனக்கு நாற்பத்தைந்துதான் ஆகிறது. நான் எதைக் கேட்டும் அந்த வேகத்தில் கிடைத்ததில்லை.

'போக 4 மணி நேரம். திரும்ப 4 மணி நேரம்' என்று மாற்றினேன். எதிர்க்காற்றை நீக்கினேன். பத்து வரி குறைந்துவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு நானே பேசிப் பார்த்துக்கொண்டு வந்தேன்: டீச்சர், நல்ல செய்தி, தப்பு என்னுதுதான், நீங்க வெள்ளிப் பூசையும் பார்க்கலாம், சனிக் கல்யாணமும் பார்க்கலாம். அவர் கண்கலங்குவார், நான் பெருந்தன்மையாகத் தலையசைப்பேன். லஸ் முனையில் பஸ் நாற்பது நிமிடம் நின்றதால் இந்தக் காட்சியை மூன்று தடவை ஒத்திகை பார்க்க முடிந்தது.

டீச்சர் கதவைத் திறந்தார். முதல்முறையாக அவர் வீட்டு உள்ளறை வரைக்கும் போனேன், அவ்வளவு ஆர்வம். போனை நீட்டினேன்.

"டீச்சர், பாருங்க. நாலு மணி நேரம்தான்! நான்தான் தப்பா எழுதிட்டேன். காலைல ஆறு இருபதுக்கு அங்க இறங்கிரலாம். ஒன்பது மணிப் பூசைக்குத் தாராளமா போயிரலாம்!"

அவர் முகம் மலரவில்லை. மருந்துக் கடையில் 'ஸ்டாக் இல்லை' என்று சொன்னால் ஆகிற மாதிரி ஆனது.

"யாரு உங்களை மாத்தச் சொன்னது?"

"கிளிஃபர்ட் சார்…"

"அவன் சொன்னா மாத்திருவீங்களா? எழுதினா எழுதினதுதான்னு இருக்க வேணாமா ஒரு மனுஷன்?"

எனக்குப் புரியவில்லை. திருத்திக்கொண்டேன் என்பதற்காக டீச்சர் என்னைக் கோபித்துக்கொண்டது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து பார்த்தேன். அலமாரிக்கு மேலே ஒரு பூகோள உருண்டை இருந்தது. பழையது. ஆனால் தூசி இல்லை.

"டீச்சர்… நீங்க ஸ்கூல்ல என்ன பாடம்?"

"புவியியல்" என்றார். "ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு."

வாடகைக்கு வீடு கேட்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"உக்காரு" என்றார். மூன்று வருஷமாக 'நீங்க' என்று சொன்னவர், பாடம் என்றதும் 'நீ'க்கு வந்துவிட்டார். "நமக்கு நேரம் எந்தத் தீர்க்கரேகை?"

நான் உருண்டையைப் பார்த்தேன்.

"எண்பத்திரண்டரை. மலேசியாக்காரன் வச்சிருக்கறது நூத்தி இருபது. கழிச்சா?"

"முப்பத்தேழு…"

"அரை! முப்பத்தேழரை. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். நூத்தம்பது நிமிஷம். ரெண்டரை மணி நேரம். ஆறரைல ரெண்டரை போனா நாலு. இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எதிர்க்காத்தாம்! அஞ்சு மணி நேரம் மிச்சம் பண்ற காத்து அடிச்சா ப்ளேன் என்னத்துக்கு? குடை புடிச்சுக்கிட்டே வந்துரலாம்."

"தெரிஞ்சேதான்… அந்த லிங்க்கை…"

"தெரிஞ்சேதான்."

டீச்சர் எழுந்து போய்ப் பூகோள உருண்டையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"பொண்ணு யாருன்னு கிளிஃபர்ட் சொன்னானா?"

"இல்ல டீச்சர்."

"ஜோன். எங்கிட்ட படிச்சவ. அவ அம்மா எங்க ஸ்கூல்ல ஆயா, க்ளாஸ் பெருக்குவா. பொண்ணு நல்லாப் படிக்கும். நர்சிங்குக்கு அப்ளிகேஷன் வாங்கிக் குடுத்ததே நான்தான். அவ்வளவு நல்லவ நான்." சிரித்தார், சிரிப்பாக இல்லை. "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கிளிஃபர்ட் வந்து, அவளைக் கட்டிக்கறேன்னான். நான் சொன்னேன்: பெருக்கறவ பொண்ணு பெருக்கறதுக்கு நம்ம வீட்டுக்கு வரட்டும், மருமகளா வேணாம். சொல்லிட்டுத் திரும்பினா வாசல்ல அவ நிக்கறா. ஸ்வீட் பாக்ஸோட. முதல் சம்பளம் வாங்கியிருக்கா."

டீச்சர் உருண்டையை மலேசியாப் பக்கம் திருப்பினார்.

"அவன் அடுத்த வருஷம் மலேசியா போயிட்டான். அவளும் கொஞ்ச நாள்ல அங்க வேலைக்குப் போய், வேற யாரையோ கட்டினா. அந்த மனுஷன் தவறிப்போய் ஆறு வருஷமாம். அங்க தமிழ்ப் பூசையில திரும்பப் பார்த்திருக்காங்க. இங்க நான், என் தம்பிக்கு ஒரு பொண்ணைக் காட்டுங்க ஆண்டவரேன்னு மாசாமாசம் முழங்கால் போட்டுக்கிட்டு இருக்கேன். அவர் காட்டிட்டார்."

நேர்ச்சைக்கு இவ்வளவு துல்லியமாகப் பதில் வந்து நான் பார்த்ததில்லை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் நிக்கறது? வரமாட்டேன்னு சொன்னா அவன் மனசு உடையும். நீ எழுதின ஆறரையோட அந்த ரெண்டரையையும் கூட்டினா இறங்கவே ஒன்பது மணி ஆயிரும், அது வசதியா இருந்துச்சு. அதையும் திருத்திட்ட. போ."

நான் போயிருக்க வேண்டும். ஆனால் தோற்றுப்போன வல்லுநருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. போனைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். பக்கம் கீழே நழுவி, பின்னூட்டங்களுக்கு வந்து நின்றது. நான் அவற்றைப் படிப்பதில்லை. வசியம், கடன், முடி கொட்டுதல் இந்த மூன்றைத் தவிர அங்கே வேறு விஷயம் இருந்ததில்லை. அன்று கடைசியாக ஒன்று இருந்தது. இரண்டு நாள் முன்பு எழுதியது. கீழே பெயரைப் பார்த்தேன்.

"டீச்சர்… இதைப் படிக்கட்டுமா?"

"என்னது?"

படித்தேன்.

"'வல்லுநர் குழுவுக்கு வணக்கம். பயணம் ஆறரை மணி நேரம் அல்ல. கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரம், சேரும் நேரம் கோலாலம்பூர்க் கடிகாரம். அங்கே 82½ டிகிரி, இங்கே 120. வித்தியாசம் 37 டிகிரி. டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆக 148 நிமிடம் கழித்துக்கொள்ளவும். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஆரோக்கியமேரி டீச்சர் கற்றுக்கொடுத்தது. இன்றுவரை மறக்கவில்லை. ஜோன், கோலாலம்பூர்.'"

நான் டீச்சரைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்தேன். அவரிடமிருந்து ஒரு குரல் வந்தது. எதிர்பார்த்த குரல் இல்லை. வகுப்பறைக் குரல்.

"எவ்வளவுன்னு எழுதியிருக்கா?"

"முப்பத்தேழு டிகிரி."

"எண்பத்திரண்டரைன்னு அவளே எழுதிட்டு, கழிக்கும்போது அரையை விட்டுட்டாளா?"

"விட்டுட்டாங்க போல."

"ரெண்டு நிமிஷம் குறையுது! எங்க போச்சு அந்த ரெண்டு நிமிஷம்? இதையும் என் பேரைப் போட்டு உலகம் பூரா பாக்கற எடத்துல எழுதி வச்சிருக்கா! ஆரோக்கியமேரி டீச்சர் இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்கன்னு நினைக்க மாட்டாங்க?"

"அந்தப் பக்கத்துல நாலு நிமிஷம் நின்னு படிக்கறாங்க டீச்சர்" என்றேன். எண்ணெய் ஊற்றுவதில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு.

"பதில் எழுத முடியுமா அதுல?"

"முடியும். சொல்லுங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். இரண்டும் ஒரே புடவைத் தலைப்பால், ஒரே கண்டிப்போடு.

"எழுது. 'ஜோன், 37 அல்ல, 37½. இரண்டு நிமிடம் குறைகிறது. நேரில் வந்து சொல்கிறேன்.'" கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "'வியாழக்கிழமை வருகிறேன்'னும் போடு."

"வியாழனா? ஒன்பதாவது வெள்ளி?"

"ஏன், கோலாலம்பூர்ல வெள்ளிக்கிழமை கிடையாதா? இங்க வர்றதுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடியே அங்க வந்துரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்."

அனுப்பினேன். கீழே கையொப்பம் கேட்டது. 'ஆ. மேரி' என்று போடச் சொன்னார். பிறகு, "வேணாம், டீச்சர்னு போடு, போதும்" என்றார்.

வியாழக்கிழமை காலை நானும் அன்புக்கரசியும்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கம் இரண்டு மணி நேரம். "இன்னா சார், எங்க பாத்தாலும் தோண்டிக்கினே கீறானுங்க" என்று ஆட்டோக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். டீச்சரின் மடியில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். பெட்டிக்குள் வைக்கலாமே என்று அன்புக்கரசி கேட்டதற்கு, "இது கையிலதான் போகணும்" என்றார். வாசலில் பாஸ்போர்ட்டை எடுத்தார். எப்போதோ புனித நாட்டுப் பயணத்துக்காக எடுத்து, போகாமலே விட்டதாம். தள்ளுவண்டியைத் தப்பான பக்கத்திலிருந்து தள்ளியவர் ஒருவரைத் திருத்திவிட்டு, உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை கிளிஃபர்ட் அழைத்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். பீடத்துக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது டீச்சர்தானாம்.

"ஏர்போர்ட்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க சார். இவ வாசல்ல நடுங்கிக்கிட்டு நிக்கறா. அக்கா நேரா வந்து ஸ்வீட் பாக்ஸை இவ கையில குடுத்துட்டு, மொத வார்த்தை, 'அந்த அரை எங்க?'ன்னாங்க. அவ்வளவுதான் சார், ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுத அழுகையில போலீஸ்காரன் வந்துட்டான்."

"ஜோன் மேடம் ஒரு அரையை விட்டதும் நல்லதாப் போச்சு சார்."

மறுமுனையில் கிளிஃபர்ட் சிரித்தார். "அவளா? இருபத்திரண்டு வருஷமா ஐசியூல மருந்து அளந்து குடுக்கறவ சார். புள்ளிக்கு அப்புறம் மூணாவது இலக்கம் மாறினாகூட ராத்திரி தூங்கமாட்டா."

"அப்ப… வேணும்னேவா?"

"நான் கேட்டுட்டேன். 'டீச்சர் தப்பைப் பார்த்தா சும்மா இருக்கமாட்டாங்க'ன்னு மட்டும் சொல்றா. அக்காகிட்ட சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷம் விடைத்தாள் திருத்தியவருக்கு, தெரியாமல் செய்த தப்பு எது, தெரிந்து செய்த தப்பு எது என்று அடையாளம் தெரியாமலா இருக்கும்? நம்பாத கணக்கை டீச்சர் நம்புகிற மாதிரி நடித்தார். தெரிந்த கணக்கை ஜோன் தப்பாகப் போடுகிற மாதிரி நடித்தார். இந்தக் கல்யாணத்தில் அசல் தப்பு என்று பார்த்தால் என்னுடையது ஒன்றுதான்.

அன்புக்கரசியிடம் இதைச் சொன்னேன். "பரவால்ல, மூணு பேர்ல நீதான் நேர்மையானவன்" என்றாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கோலாலம்பூர்ப் பக்கம் இப்போது தேடலில் நாற்பத்து மூன்றாவது இடத்தில் இருக்கிறது. ஆட்கள் பதினெட்டு வினாடிதான் நிற்கிறார்களாம். மீதி இருநூற்றுப் பத்துப் பக்கங்களை மட்டுமாவது விட்டுவைக்கும்படி வர்ஷினி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். துபாயில் கை வைத்திருந்தபோது டீச்சரிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'ரகுபதி, அடுத்த வியாழன் திரும்புகிறேன். செடிகளுக்குத் தண்ணீர் விடவும். திரும்பி வர ஒன்றரை மணி நேரம்தானே? காற்று எப்படி?'